எதிரிகள் திரண்டால் ஆட்டம் தளர்ந்தது கேசட்டின் குற்றமா?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி எடுத்து வைக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் ஒரு கடையில் உங்கள் அப்பா ஒரு டிவி கேம் பெட்டி வாங்கித் தந்தார். அதில் இடமிருந்து வலமாகப் பறக்கும் ஒரு விண்கல ஆட்டம் இருந்தது. அந்நியக் கிரகத்துப் படைகள் கூட்டமாக வரும்போதெல்லாம் ஆட்டம் தளர்ந்து ஊர்ந்தது, எதிரிகளும் குண்டுகளும் மினுக்கி மினுக்கி மறைந்தன. “இது டூப்ளிகேட் கேசட்” என்று அண்ணன் சொன்னதைக் கேட்டு, அப்பா கடைக்காரரிடம் வாக்குவாதம் செய்து வேறு கேசட் வாங்கி வந்தார்; அதிலும் அதே கதைதான். இப்போது கைபேசியில் எமுலேட்டரில் (பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) அதே ஆட்டத்தைப் போட்டால் எல்லாமே விரைவாக ஓடுகிறது, இசைகூடத் துள்ளுகிறது. ஆகவே அன்று ஏமாந்துவிட்டோமா என்று கேட்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் இதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: கூட்டம் வரும்போது மட்டும் ஏற்பட்ட மந்தம், உருவங்களின் மினுக்கம், ஆட்டம் முழுவதும் சற்று நிதானமாகவே ஓடியது. நம் ஊர்ப் பெட்டி ஜப்பானில் விற்ற ஒரு பெட்டியைப் பார்த்துச் செய்தது; முதல் இரண்டும் அந்த அசல் பெட்டியிலும் அப்படியே இருந்தவை. மூன்றாவது மட்டுமே நம் ஊரில் விற்ற பெட்டியைச் சேர்ந்தது. அதுவும் பழுது அன்று.

நான் மின்னணுவியலில் டிப்ளமா படித்துவிட்டு, 1992 முதல் டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தொலைக்காட்சி பழுதுபார்த்து வந்தவன். கோடை விடுமுறை தொடங்கியதும் தொலைக்காட்சிகளை விட டிவி கேம் பெட்டிகள்தாம் என் மேசையில் அதிகம் குவியும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் ஆடி ஆடி உடைத்த ஜாய்ஸ்டிக்குகளும், மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மஞ்சள் பையில் வந்த கேசட்டுகளும் நூற்றுக்கணக்கில் என் கையில் புரண்டிருக்கின்றன. நிரல் எழுதுவது என் தொழில் இல்லை. கல்லூரியில் படித்த 8085 நுண்செயலிப் பாடமும், ஆசிலோஸ்கோப்பில் பார்த்த அலைகளும், பின்னாளில் ஆர்வத்தால் தேடிப் படித்த தொழில்நுட்ப விவரங்களுமே எனக்கு ஆதாரம்.

ஆட்டம் எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். திரையின் அடியில் ஒரு பட்டை, சிவப்புக் குப்பியை எடுக்க எடுக்க அந்தப் பட்டையில் ஒவ்வொரு சொல்லாக ஒளிர்வது, முதல் கட்டத்தின் முடிவில் மலைகள் கல்லைக் கக்குவது, பின்னால் வரும் கட்டத்தில் வாயைத் திறந்து வளையங்களைத் துப்பும் கல் தலைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். இவை எல்லாம் சேர்ந்து வருவது கொனாமி நிறுவனத்தின் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தில்தான். 1985இல் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்காக அது வெளிவந்தது. 1986 ஏப்ரலில் நின்டெண்டோவின் வீட்டுப் பெட்டியான ஃபேமிகாமுக்கு வந்தது. அதன் உடன்பிறப்பான ‘சாலமாண்டர்’ ஆட்டத்திலும் இதே போன்ற பட்டை உண்டு என்பதால் சிறு ஐயம் எஞ்சுகிறது. அதில் இரண்டாம் கட்டம் கீழிருந்து மேலாகப் போகும். உங்கள் விண்கலம் எல்லாக் கட்டங்களிலும் வலப்பக்கமாகவே பறந்தது என்று உறுதியாக நினைவிருந்தால் அது கிரேடியஸ்தான். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தையும் பட்டியலில் இருந்த பெயரையும் நம்ப வேண்டாம். நம் ஊரில் விற்றவற்றில் பெயருக்கும் உள்ளே இருந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி கேசட். அப்பா மாற்றி வந்த இரண்டும் நகல்களாகவே இருந்திருக்கும். மதுரையில் நான் திறந்து பார்த்தவற்றில் அசல் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. ஆனால் நகல் என்பதால் ஆட்டம் மந்தமாகாது. இதை நான் முழு உறுதியோடு சொல்கிறேன். பாட்டு கேசட்டைப் படியெடுத்தால் இரைச்சல் கூடும், ஒலி மங்கும்; அந்த அனுபவத்தை வைத்துத்தான் அண்ணன் அப்படிச் சொல்லியிருப்பார். விளையாட்டு கேசட்டுக்குள் நாடா கிடையாது. சிறிய பச்சைப் பலகையில், கறுப்புத் தார்ப்பொட்டு வைத்தது போல மூடிய ரோம் சிப் இருக்கும். அதில் உள்ளவை வெறும் எண்கள். கிரேடியஸ் முழுவதும் 64 கிலோபைட். நிரலுக்கு 32, படங்களுக்கு 32. அந்த எண்கள் அப்படியே படியெடுக்கப்பட்டிருந்தால் நகலும் அசலும் ஒன்றே. ஓர் எண் தவறியிருந்தால் படம் சிதறும், அல்லது ஆட்டம் உறைந்து நின்றுவிடும். எதிரிகள் கூடும்போது மட்டும் தளர்ந்து, அவர்கள் அழிந்ததும் மீண்டும் வேகம் பிடிக்கும் அளவுக்கு ஒழுங்கான தவறு எந்தச் சிப்பிலும் வராது.

கேசட் பழுதானால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இந்தப் பெட்டியில் நிரலுக்கு ஒரு வழி, படத்துக்கு வேறொரு வழி என்று கம்பிகள் தனித்தனியாகப் பிரிந்து போகின்றன. கேசட்டின் அடியில் 60 செப்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்குரிய பட்டையில் அழுக்கு ஏறினால், இசை சரியாகக் கேட்கும், பொத்தானை அழுத்தினால் சுடும் ஓசை வரும், ஆனால் விண்கலம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளும் கோடுகளும் கலந்த குப்பை தெரியும். நிரலுக்குரிய பட்டையில் தொடர்பு விட்டால் திரை ஒரே நிறமாக நின்றுவிடும். வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று அறிகுறியைச் சொல்லும்போதே எந்தப் பக்கத்தைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். நாம் எல்லாரும் வாயால் ஊதிச் செருகினோம். கேசட்டைக் கழற்றி மறுபடி செருகியதால்தான் அது வேலை செய்தது. ஊதிய மூச்சின் ஈரம் நாளடைவில் செம்பைக் களிம்பேற்றியது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதே சரியான முறை.

மினுக்கத்துக்கு வருகிறேன். ஃபேமிகாமும் அதைப் பார்த்துச் செய்த பெட்டிகளும் திரையை இரண்டு அடுக்காக வரைகின்றன. மலை, தரை, அடியில் உள்ள பட்டை எல்லாம் பின்னணி அடுக்கு. விண்கலம், எதிரி, குண்டு ஆகியவை ஸ்ப்ரைட் எனப்படும் நகரும் துண்டுகள். ஒரு துண்டின் அகலம் 8 புள்ளி. திரை முழுவதற்கும் 64 துண்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டுகளுக்கு மேல் படச்சிப்பால் வரைய முடியாது. ஒன்பதாவது துண்டு அந்தக் கோட்டில் வரையப்படாமலே போய்விடும். 16 புள்ளி அகலமுள்ள எதிரிக்கு இரண்டு துண்டு தேவை என்பதால், அப்படிப்பட்ட நான்கு எதிரிகள் வரிசையாக வந்தாலே அந்தக் கோடு நிறைந்துவிடும். அதன் மேல் உங்கள் விண்கலம், அதைத் தொடர்ந்து வரும் ஆரஞ்சு நிற உருண்டைகள், அவை சுடும் குண்டுகள் எல்லாம் சேர்ந்தால் யாரோ ஒருவர் விடுபட்டுத்தான் ஆக வேண்டும். ஒரே எதிரி தொடர்ந்து விடுபட்டால் அவன் கண்ணுக்குத் தெரியாமலே வந்து உங்களைக் கொன்றுவிடுவான். அதனால் நிரல் எழுதியவர்கள் ஒவ்வொரு படச்சட்டத்திலும் (திரை முழுவதும் ஒருமுறை வரையப்படும் படத்திலும்) துண்டுகளின் வரிசையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இம்முறை ஒருவன் விடுபட்டால் அடுத்த முறை வேறொருவன். நம் ஊர்ப் பெட்டியில் நொடிக்கு 50 முறை இப்படி மாறும்போது எல்லாரும் தெரிகிறார்கள், எல்லாரும் மினுக்குகிறார்கள். பற்றாக்குறையை நியாயமாகப் பங்கிட்ட அந்த வேலையைத்தான் நாம் பழுது என்று நினைத்தோம்.

இதை நீங்களே சோதிக்கலாம். எதிரிகள் ஒரே உயரத்தில் வரிசை கட்டி வரும்போது உங்கள் விண்கலத்தையும் அதே உயரத்துக்குக் கொண்டுபோங்கள், மினுக்கம் தொடங்கும். சற்று மேலே ஏற்றுங்கள். அதே எண்ணிக்கை எதிரிகள் திரையில் இருந்தும் மினுக்கம் நின்றுவிடும் அல்லது குறையும். எவ்வளவு கூட்டம் வந்தாலும் மலைகள் மினுக்குவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். கேசட் பழுதாக இருந்தால் உயரத்தைப் பார்த்து மினுக்காது.

மந்தம் இதிலிருந்து வேறுபட்டது. அது படச்சிப்பின் எல்லையால் வருவதில்லை, கணக்குப் போடும் செயலியால் வருவது. செயலி தாளத்துக்கு அடி வைப்பது போலத் துடிப்புக்குத் துடிப்பு வேலை செய்கிறது; அசல் ஃபேமிகாமின் செயலி நொடிக்கு 17.9 லட்சம் துடிப்புகளில் ஓடுகிறது. நொடிக்கு 60 படச்சட்டம் என்றால், ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 29,780 துடிப்புகள். ஒரு சிறு கட்டளைக்கே இரண்டு முதல் ஏழு துடிப்பு வரை செலவாகும் என்பதால் அதிகபட்சம் சில ஆயிரம் கட்டளைகள்தாம் கையில் இருக்கின்றன. அதற்குள் ஜாய்ஸ்டிக்கைப் படிக்க வேண்டும், ஒவ்வோர் எதிரியையும் நகர்த்த வேண்டும், ஒவ்வொரு குண்டும் யார் மேலாவது பட்டதா என்று பார்க்க வேண்டும், இசையின் அடுத்த சுரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். போதாக்குறைக்குப் பின்னணியும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நான் செல்லூரில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன். எனக்கு இது தறியைப் போலத்தான் விளங்கியது. ஒரு பக்கம் பாவு அவிழ்ந்து வருகிறது, மறுபக்கம் நெய்த துணி சுருள்கிறது, நெசவாளரின் கண்ணுக்கு முன்னால் இருப்பது முழத்துணி மட்டுமே. அதுபோலத் திரையின் வல ஓரத்துக்கு வெளியே, இன்னும் கண்ணில் படாத இடத்தில், அடுத்து வரப்போகும் மலையை ஒவ்வொரு பத்தியாக எழுதிக்கொண்டே போகிறார்கள். எல்லையற்ற விண்வெளி என்று நாம் நம்பியதெல்லாம் இரண்டு திரை அளவுள்ள நினைவகத்தில் மாற்றி மாற்றி எழுதியதுதான்.

எதிரிகளும் குண்டுகளும் பெருகும்போது யார் மேல் எது பட்டது என்ற ஒப்பீடுகள் மளமளவென்று கூடுகின்றன. ஒரு சட்டத்துக்குள் வேலை முடியாவிட்டால், செயலி அடுத்த சட்டத்தின் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வேகம் சிறிது சிறிதாகக் குறையாமல் திடீரென்று பாதியாக விழுகிறது: 50 இருந்த இடத்தில் 25. நீங்கள் ‘ஊர்ந்தது’ என்று எழுதிய சொல் மிகப் பொருத்தமானது. கிரேடியஸில் சில நேரம் நிறம் மாறிய ஒரு குப்பி வரும். அதை எடுத்தால் திரையில் உள்ள சிறு எதிரிகள் எல்லாம் ஒரே கணத்தில் அழிவார்கள். மந்தமாக ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அதை எடுத்துப் பாருங்கள். அந்தக் கணமே ஆட்டம் வேகம் பிடிப்பது கண்கூடாகத் தெரியும். சுமை நீங்கியதும் செயலி மூச்சு விடுகிறது.

அசல் தயாரிப்புகளும் இதற்கு விலக்கு அல்ல. 1990இல் அடுத்த தலைமுறைப் பெட்டியான சூப்பர் ஃபேமிகாமுக்கு அதே கொனாமி வெளியிட்ட ‘கிரேடியஸ் 3’, இந்த மந்தத்துக்காகவே உலகம் முழுவதும் பேசப்பட்ட ஆட்டம். இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியாக 1978இல் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில், எதிரிகள் நிறைய இருக்கும்போது அந்த இயந்திரத்தின் செயலியால் அவர்களை மெதுவாகத்தான் நகர்த்த முடிந்தது. சுடச்சுட எண்ணிக்கை குறைந்து மிச்சமிருப்பவர்கள் வேகமெடுத்தார்கள். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டதால்தான் கடைசி எதிரியை அடிப்பது அவ்வளவு கடினமாகவும் பரபரப்பாகவும் அமைந்தது.

ஆட்டம் முழுவதும் நிதானமாக ஓடியது என்ற மூன்றாவது விஷயத்தில்தான் உங்கள் நினைவு கச்சிதமாக இருக்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 சட்டங்களுக்கு ஏற்றது. பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் அமைந்த நம் நாட்டுத் தொலைக்காட்சி 50க்கு ஏற்றது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஜப்பானியப் பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். இங்குள்ள தொலைக்காட்சியில் படம் நிறமில்லாமல் உருண்டது. ஆகவே நமக்கு விற்ற பெட்டிகளை 50க்கு ஏற்றபடி செய்தார்கள். இந்த ஆட்டங்கள் சட்டத்துக்குச் சட்டம் நகர்பவை என்பதால், அங்கே 5 நிமிடத்தில் முடியும் கட்டம் இங்கே 6 நிமிடம் ஓடியது. இசையும் சட்டத்துக்கு ஒருமுறைதான் அடுத்த சுரத்தைப் பார்க்கிறது; எனவே அதுவும் அதே விகிதத்தில் நிதானமானது. ஆனால் சுரத்தின் உயரம் செயலியின் துடிப்பைப் பொறுத்தது. நான் திறந்த பழைய பெட்டிகளில் செயலிக்கு யூஏ6527பி, படத்துக்கு யூஏ6538 என்று எண் பொறித்த தைவான் சிப்புகள் இருந்தன. அந்தச் செயலியின் துடிப்பு நொடிக்கு 17.7 லட்சம், அசலுக்கு ஏறக்குறைய சமம். சுருதி மாறவில்லை, காலப்பிரமாணம் மட்டும் தாழ்ந்தது. நீங்கள் கேட்டு வளர்ந்தது அந்த விளம்ப காலம். கைபேசியில் கேட்பது ஜப்பானியர் கேட்டது. இதில் ஒரு நன்மையும் இருந்தது: சட்டங்கள் குறைந்ததால் ஒவ்வொரு சட்டத்துக்கும் சுமார் 35,460 துடிப்புகள் கிடைத்தன. ஆகவே கூட்ட நேரத்து மந்தம் நம் பெட்டியில் அசலை விடச் சற்றுத் தாமதமாகவே தலைகாட்டியிருக்க வேண்டும்.

உங்கள் பெட்டியைப் பார்க்காமல் நான் அறுதியிட்டுச் சொல்லக் கூடாதவையும் உண்டு. அதன் உள்ளே இந்த இரட்டைச் சிப்புகள் இருந்தனவா, எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பொட்டில் அடக்கிய பிற்காலத்து வகையா என்பது திறந்தால்தான் தெரியும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைந்ததால் மந்தமாகியிருக்கலாம் என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது, துடிப்பை உண்டாக்கும் கிரிஸ்டல் என்ற சிறு உறுப்பு. மின்னழுத்தம் தாழ்ந்தால் அது நிதானமாக ஓடாது, படத்தில் பட்டைகள் ஏறும் அல்லது பெட்டி தானாகவே முதலிலிருந்து தொடங்கும். அப்பா திருப்பிக் கொடுத்த முதல் கேசட்டில் வேறு ஏதாவது குறை இருந்ததா என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதிய மந்தமும் மினுக்கமும் மட்டுமே குறை என்றால், கடைக்காரர் கொடுத்த இரண்டு கேசட்டும் சரியாகவே வேலை செய்தன. அப்பாவும் கடைக்காரரும் இருவருமே தமக்குத் தெரிந்ததைத்தான் பேசியிருக்கிறார்கள். அன்று உங்கள் பெட்டி என் மேசைக்கு வந்திருந்தால் நானும் செப்புப் பட்டையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வேறு காரணம் தெரியாமல் கையை விரித்திருப்பேன். துடிப்புக் கணக்கெல்லாம் எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்தப் பழைய வேகத்தை மறுபடி காண வேண்டுமானால் கணினியில் எஃப்சிஇயூஎக்ஸ் அல்லது மெசன் என்ற எமுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டாரம் என்ற அமைப்பில் என்டிஎஸ்சி (ஜப்பானிய முறை), பால், டெண்டி என்று மூன்று இருக்கும். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற இதே வகைப் பெட்டியின் பெயர். அதைத் தேர்ந்தெடுத்தால் நம் ஊர்ப் பெட்டியின் காலப்பிரமாணம் வந்துவிடும். ஒரு கோட்டுக்கு 8 துண்டு என்ற எல்லையை நீக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மினுக்கம் வராது. பிறகு ஆட்டத்தை நிறுத்திவைத்து, மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்துங்கள். வீட்டுப் பெட்டிக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தமக்கே கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. பெரும்பாலான ஆயுதங்களும் இரண்டு ஆரஞ்சு உருண்டைகளும் ஒரே நேரத்தில் வந்துவிடும். அந்தச் சுமையோடு கல் தலைகள் வரும் கட்டத்துக்குப் போய், வளையங்கள் திரையை நிறைக்கும்வரை சுடாமல் காத்திருந்து, பிறகு பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

பரணில் பழைய பெட்டி இன்னும் கிடந்தால், நேரடியாக மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். அடாப்டரின் மின்தேக்கி இத்தனை ஆண்டுகளில் காய்ந்திருக்கும். உள்ளே 7805 என்று எழுதிய மூன்று கால் சிப் இருக்கும். கேசட் செருகாமல் பெட்டியை மட்டும் இயக்கி, அதன் வெளியீட்டுக் காலில் 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கேசட்டைச் செருகுங்கள். மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் பெட்டியின் மூடியைக் கழற்றி, பலகையைத் தெளிவாகப் படம் எடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள். எந்தச் சிப், எந்தக் கிரிஸ்டல் என்று பார்த்துச் சொல்கிறேன்.